சுவிட்ச் பாக்ஸுக்குச் சுவரில் குழி எடுப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கு கோடு, ஓர் உளி, ஒரு சுத்தியல், அவ்வளவுதானே என்று தோன்றும். பாக்ஸை மூடும் முன்தகடான பிளேட்டைப் பொருத்தும் நாளில்தான் உண்மை வெளியே வரும். பிளேட் மூடாத அளவுக்குப் பூச்சு பெயர்ந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து பாக்ஸ்கள் ஏறியும் இறங்கியும் நிற்கும். ஒரு பாக்ஸ் சுவருக்குள் ஆழமாகப் போய், திருகு எட்டாமல் இருக்கும். இவற்றோடெல்லாம் மல்லுக்கட்டிய பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: குழியின் ஒழுங்கு பென்சிலிலும் ஓரவெட்டிலும் முடிவாகிவிடுகிறது. சுத்தியல் கடைசியில் வந்து சேரும் வேலையாள் மட்டுமே. அதனால் இந்தக் கட்டுரையில் சுத்தியலுக்கு முன்னால் நடப்பவை அதிக இடம் பிடித்திருக்கின்றன.

இங்கே சொல்வது பெரும்பாலும் செங்கல், சிமென்ட் பிளாக் சுவர்களுக்கானது. குழி எடுப்பதும் பாக்ஸ் பதிப்பதும் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடியவை. வயரை இணைத்து மின்சாரம் கொடுப்பது வேறு வேலை. பல நாடுகளில் அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டுமே செய்யலாம். உங்கள் ஊர் விதி என்ன என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதங்கள்

ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் (சுவிட்ச் அல்லது சாக்கெட் வரும் இடத்துக்கு) ஒரு வரி எழுதுங்கள்: எந்த அறை, எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை உயரம், பாக்ஸின் அளவு, நெடுக்கா குறுக்கா, வயர் ஓடும் பைப் எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது. கடைசி விவரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பைப் மேலிருந்து வரும் என்று நினைத்துக் குழி எடுத்துவிட்டுப் பிறகு கீழிருந்து கொண்டுவர நேர்ந்தால், நல்ல ஓரத்தை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும், அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை அனுமதி, பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் தெரிந்த அன்று காற்றில் போய்விடும். கட்டடத்தின் கட்டமைப்பு வரைபடம் கிடைக்குமானால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தூண், உத்திரம், கான்கிரீட் சுவர் எங்கே இருக்கின்றன என்று அதில்தான் தெரியும். அவற்றில் உளி வைக்கக் கூடாது. கம்பி தெரிந்தால் நிறுத்துங்கள், பாயின்ட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கம்பியை அறுத்துவிட்டுத் தொடரலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கான்கிரீட்டில்தான் பாயின்ட் வர வேண்டும் என்றால் சுவருக்கு வெளியே நிற்கும் பாக்ஸ் போதும். அழகு கொஞ்சம் குறையும், கட்டடம் பிழைக்கும்.

சுவரில் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதற்கும் விதி உண்டு. பிரிட்டனின் கட்டட வழிகாட்டுதல், நெடுக்காக (மேலிருந்து கீழாக) வெட்டும் காடி, அதாவது பைப்பைப் புதைக்கும் நீளப் பள்ளம், சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், குறுக்காக வெட்டும் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது. 100 மி.மீ. சுவரில் குறுக்குக் காடிக்குக் கிடைப்பது 16 மி.மீ. மட்டுமே, 20 மி.மீ. பைப்பே அதில் அடங்காது. வேறு நாட்டில் இருந்தாலும் இந்தக் கணக்கை நினைவில் வைத்தால் குறுக்கே வெட்டும் ஆசை தானாகக் குறையும்.

2. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஏற்கெனவே உள்ள சுவிட்ச், சாக்கெட் ஒவ்வொன்றிலிருந்தும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் வயர் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை, சமையலறைச் சுவரின் பின்பக்கம் என்றால் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் உள்ள உலோகத்தையும் மின்சாரத்தையும் காட்டும் கருவி உதவும். ஆனால் அது ஒலி எழுப்பவில்லை என்பதால் அங்கே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பிளாஸ்டிக் குழாயும் மின்சாரம் ஓடாத வயரும் பல கருவிகளுக்குத் தெரியாது.

சுவரின் வகையை அறிய, குழி வரப்போகும் இடத்தின் நடுவில் ஒரு சிறு துளை போடுங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் கரகரவென்று வந்தால் சிமென்ட் பிளாக். துளைக்கருவி திடீரென்று வெறுமைக்குள் பாய்ந்தால் உள்ளீடற்ற பிளாக். வெண்மையாக, லேசாக, எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் காற்றடைத்த கான்கிரீட் பிளாக். இந்த ஒரு துளை, எந்தக் கருவி தேவை என்பதைச் சொல்லிவிடும்.

சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பாக்ஸ் இருந்தால் அதன் முதுகில் உங்கள் குழியை எடுக்காதீர்கள். 100 மி.மீ. சுவரில் இரு பக்கமும் 50 மி.மீ. பாக்ஸ் என்றால் மிஞ்சுவது சுவரல்ல, ஜன்னல்.

பழைய கட்டடமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பழைய பலகைகளிலும் மேற்பூச்சுகளிலும் அஸ்பெஸ்டாஸும், பழைய பெயின்டில் ஈயமும் இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் பரிசோதித்துவிட்டு வெட்டுங்கள்.

3. எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்

பணம் போக வேண்டிய முதல் இடம் மூச்சுக்கவசமும் கண்ணாடியும். செங்கல், சிமென்ட் தூளில் உள்ள நுண்ணிய சிலிகா நுரையீரலில் தங்கி, மீளாத நோயைத் தரக்கூடியது. மூக்கில் கட்டும் துணி அதைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் N95 அல்லது அதற்கு மேற்பட்ட தரக் கவசம் வேண்டும். தூசியை உறிஞ்சும் இயந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. காதடைப்பான் மலிவான பொருள், மறக்காதீர்கள்.

அடுத்தது நல்ல வைரச் சக்கரம், புதிய துளைமுனைகள், கூரான அகல உளி. மழுங்கிய உளி வெட்டாது, அதிரச் செய்யும். பூச்சு பெயர்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். அறுக்கும் இயந்திரத்தையும் துளை இயந்திரத்தையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் எல்லாச் சுவர்களிலும் குறியிட்டு முடித்த பிறகே வாடகைக்கு எடுங்கள். இயந்திரம் மூலையில் கிடக்க, நீங்கள் டேப்பும் பென்சிலுமாக அலையும் ஒவ்வொரு மணி நேரமும் காசு.

ஆளை வைத்துச் செய்வதானால் விலை பேசும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: கூலி பாயின்ட் கணக்கா, காடியின் நீளக் கணக்கா? காடியை மூடிப் பூசுவது அதில் அடங்குமா? இடிபாட்டை அள்ளிக் கொண்டுபோவது யார்? பிளேட்டுக்கு வெளியே உடைந்தால் சரிசெய்வது யார்? கடைசிக் கேள்வியைக் கேட்டாலே வேலையின் தரம் கொஞ்சம் உயர்வதைக் கவனித்திருக்கிறேன்.

4. குறியிடுதல்

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் போனாலும் வருந்தாதீர்கள்.

உயரத்தை எதிலிருந்து அளக்கிறீர்கள் என்பது முதல் பொறி. டைல்ஸ் இன்னும் போடாத தரையிலிருந்து அளந்தால், டைல்ஸும் அதன் அடிக்கலவையும் ஏறிய பிறகு எல்லா சாக்கெட்டும் தாழ்ந்து நிற்கும். முடிந்த தரை எந்த மட்டத்தில் வரும் என்று முதலில் தீர்மானியுங்கள். அதிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் அறையைச் சுற்றி ஒரு கோடு இழுங்கள். லேசர் மட்டம் இருந்தால் எளிது. இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப் போதும், அதுவும் பொய் சொல்லாது. உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்து ஏற்றியோ இறக்கியோ அளக்க வேண்டும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனியாகத் தரையிலிருந்து அளந்தால், தரையின் மேடுபள்ளம் அப்படியே சுவருக்கு ஏறும்.

இரண்டாவது பொறி கதவு. எந்தப் பக்கம் திறக்கிறது, நிலையைச் சுற்றி அலங்காரச் சட்டம் வருமா என்று பார்க்காமல் சுவிட்ச் இடத்தைக் குறித்தால், கதவுக்குப் பின்னால் கைவிட்டுத் தேடும் வாழ்க்கை அமையும்.

மூன்றாவது, வாங்காத பாக்ஸுக்குக் குழி குறிப்பது. கையில் பாக்ஸும் அதற்குரிய பிளேட்டும் இருக்க வேண்டும். அட்டவணையில் உள்ள அளவை நம்பாதீர்கள். பிளேட்டின் அளவிலிருந்து பாக்ஸின் வெளியளவைக் கழித்து இரண்டால் வகுத்தால், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு பிழை செய்யலாம் என்று தெரியும். பிளேட் 86 மி.மீ., பாக்ஸ் 75 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 5.5 மி.மீ. இதில் 2 முதல் 3 மி.மீ. கலவைக்கு வேண்டும். மீதி இருப்பதுதான் உங்கள் உளி தடுமாறுவதற்கான இடம்.

இப்போது பாக்ஸைச் சுவரில் வைத்து, மேல்விளிம்பில் ரசமட்டத்தை நிறுத்தி, சுற்றிலும் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே இன்னொரு கோடு. வெட்ட வேண்டியது வெளிக்கோடு. பாக்ஸின் நடுவே நெடுக்கும் குறுக்குமாக மையக்கோடுகளையும் போட்டு, அவற்றைப் பாக்ஸின் எல்லைக்கு வெளியே ஒரு சாண் நீட்டி விடுங்கள். குழி எடுத்த பிறகு உள்ளே இருந்த கோடுகள் எல்லாம் போய்விடும். பாக்ஸை மட்டம் பார்த்துப் பதிக்க இந்த நீட்டிய கோடுகள்தான் மிஞ்சும்.

இரண்டு பாக்ஸ் அருகருகே வந்தால், இரண்டு பிளேட்டையும் சுவரில் வைத்துப் பார்த்து இடைவெளியைத் தீர்மானியுங்கள். பாக்ஸ்களை ஒட்டி வைத்துவிட்டால் பிளேட்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஐரோப்பிய வட்ட பாக்ஸ்களில் அடுத்தடுத்த மையங்களுக்கு இடையே 71 மி.மீ. என்பது நிலையான அளவு. அங்கே ஒரு மி.மீ. தவறினாலும், பல பாக்ஸ்களைச் சேர்த்து மூடும் கூட்டுச் சட்டம் உட்காராது.

ஆழத்தையும் சுவரிலேயே எழுதி வையுங்கள். கணக்கு எளிது. பூசி முடித்த சுவர் என்றால் பாக்ஸின் ஆழத்தோடு பின்புறக் கலவைக்கு 5 மி.மீ. கூட்டுங்கள்: 50 மி.மீ. பாக்ஸுக்கு 55 மி.மீ. குழி. இன்னும் பூசாத சுவர் என்றால் வரப்போகும் பூச்சைக் கழிக்க வேண்டும்: 12 மி.மீ. பூச்சு வருமானால் 43 மி.மீ. போதும். பூசாத சுவரில் முழு ஆழம் வெட்டிப் பாக்ஸைச் செங்கல்லோடு சமமாக வைத்தால், பூசிய பிறகு அது கிணற்றுக்குள் கிடக்கும்.

குறியிட்டு முடித்ததும் வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக் காட்டுங்கள். பென்சில் கோட்டை மாற்றச் செலவில்லை.

5. மின்சாரத்தை நிறுத்துதல்

அந்தச் சுவரில் ஓடக்கூடிய எல்லாச் சுற்றுகளையும் மெயினில் நிறுத்துங்கள். சுவிட்சை அணைப்பது நிறுத்துவதாகாது. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்வதை உறுதிசெய்யுங்கள். பிறகு நிறுத்திய இடத்தில் வைத்துப் பாருங்கள். மீண்டும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் மின்சாரம் இல்லை என்றே சொல்லும், அதனால்தான் இந்த மூன்று முறை. வேறு யாரும் வந்து மேலே தள்ளிவிடாதபடி மெயின் பெட்டியைப் பூட்டுங்கள், அல்லது பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டுங்கள்.

உங்கள் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டுமே? பேட்டரி இயந்திரம் எடுங்கள். இல்லையென்றால் அந்தச் சுவரோடு தொடர்பில்லாத சுற்றிலிருந்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள நீட்டிப்பு வயர் வழியாக எடுங்கள்.

6. ஓரவெட்டு

அறுக்கும் இயந்திரத்தின் சக்கரம் வட்டம், உங்கள் குழி சதுரம். எல்லாத் தொல்லையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. 125 மி.மீ. சக்கரத்தைச் சுவருக்குள் 10 மி.மீ. இறக்கினால் சுவரின் மேற்பரப்பில் வெட்டு ஏறக்குறைய 68 மி.மீ. நீளமாகிறது. 30 மி.மீ. இறக்கினால் 107 மி.மீ. ஆகிவிடுகிறது. 75 மி.மீ. பாக்ஸுக்கு முழு ஆழமும் இயந்திரத்தாலேயே வெட்ட முயன்றால், நான்கு மூலையிலும் வெட்டுக் கோடுகள் பிளேட்டைத் தாண்டி ஓடிவிடும். பல வீடுகளில் பிளேட்டின் மூலைகளில் பட்டி வைத்து மறைத்த தழும்பைப் பார்க்கலாம்; அதன் காரணம் இதுவே.

ஆகவே இயந்திரத்தால் பூச்சின் தடிமன் மட்டும் வெட்டுங்கள், 10 மி.மீ. போதும். மூலைக்கு முன்பே நிறுத்துங்கள். இந்த மெல்லிய வெட்டு இருந்தால், உள்ளே உளி அடிக்கும் அதிர்வு வெளிப்பூச்சுக்குப் போகாது. இரண்டு கையாலும் பிடியுங்கள், சக்கரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள், வெட்டுக்குள் சக்கரத்தைத் திருப்பாதீர்கள். சாதாரண மின்சார இயந்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றித் தூசியை அடக்கும் பழக்கம் வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து.

இயந்திரம் இல்லாவிட்டாலும் குறையில்லை. கூரான கத்தியால் கோட்டின் மேல் பல முறை அழுத்தி இழுத்துப் பூச்சை வெட்டலாம். நேரம் பிடிக்கும், தூசி குறையும்.

அடுத்து 8 மி.மீ. துளைமுனை. தேவையான ஆழத்தில் முனையைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு மூலைகளிலும் துளையிடுங்கள், மூலையைச் சதுரமாக்குவது இவைதான். பிறகு கோட்டுக்குச் சற்று உட்புறமாக 10 அல்லது 12 மி.மீ. இடைவெளியில் வரிசையாகத் துளைகள். பூச்சைத் தாண்டும்வரை துளை இயந்திரத்தின் அதிர்வை நிறுத்தி, சுழற்சியை மட்டும் வையுங்கள், செங்கல்லைத் தொட்டதும் இயக்குங்கள். ஓர வரிசை முடிந்ததும் உட்பகுதி முழுவதும் தாறுமாறாகத் துளையிட்டு நிரப்புங்கள். தேனடை போல் ஆகிவிட்ட செங்கல்லுக்கு உளியோடு சண்டை போடத் தெம்பிருக்காது.

சில சுவர்களுக்கு வேறு முறை. காற்றடைத்த பிளாக்கில் அதிர்வே வேண்டாம், கைவாளும் உளியும் போதும். உள்ளீடற்ற பிளாக்கில் அதிர்வைப் போட்டால் முன்சுவர் முழுதாக உள்ளே விழும், சாதாரணச் சுழற்சியில் துளையிடுங்கள். டைல்ஸ் என்றால் அதன் மேல் டேப் ஒட்டி, வைரச் சக்கரத்தால் டைல்ஸின் முழுத் தடிமனையும் வெட்டிய பிறகே பின்னால் உள்ள சுவரைத் தொட வேண்டும். ஜிப்சம் பலகைக்கு 68 மி.மீ. வட்டவாளும் பலகையைக் கவ்விப் பிடிக்கும் தனி வகை பாக்ஸும் உண்டு. அங்கே உளிக்கு வேலையே இல்லை.

7. உளி

நடுவிலிருந்து தொடங்குங்கள். ஓரத்திலிருந்து தொடங்குபவர்களின் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் பூச்சு பெயரும். நடுவில் ஒரு பள்ளம் உண்டாக்கி, சுற்றிலும் உள்ளதை அந்தப் பள்ளத்தை நோக்கி விழச் செய்யுங்கள். ஓரத்தை நெருங்கும்போது உளியின் தட்டையான பக்கம் வெளிக்கோட்டையும், சரிவான பக்கம் குழியையும் பார்க்கட்டும். அடி சிறிதாக இருக்கட்டும். பெரிய அடி, மறுபக்கத்துச் சுவரில் பூச்சைத் தள்ளிவிடும். மெல்லிய சுவர்களில் இது அடிக்கடி நடக்கிறது. புதிதாகக் கட்டிய சுவர் என்றால் இணைப்புக் கலவை நன்றாக இறுகும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் குழிக்குப் பதிலாக முழுச் செங்கல்லே கையோடு வரும்.

அவ்வப்போது குழியின் குறுக்கே ஒரு நேர்க்கட்டையை வைத்து அளவுகோலால் ஆழம் பாருங்கள். ஒரே ஒரு மேடு அடியில் நின்றாலும் பாக்ஸ் சாய்ந்து உட்காரும். முதல் குழிக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், பிறகு கை பழகிவிடும்.

8. காடி

காடி பாக்ஸிலிருந்து நேராக மேலே அல்லது நேராகக் கீழே போகட்டும். சாய்வாக வெட்டினால் பைப் மிச்சமாகும் என்பது உண்மை. பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு அது தெரியாது என்பதும் உண்மை. பைப்பின் தடிமனைவிட 5 மி.மீ. அகலமாக இரண்டு இணைவெட்டு போட்டு நடுவே உள்ளதை எடுத்துவிடுங்கள். பைப்பின் மேல் குறைந்தது 10 மி.மீ. கலவை நிற்கும் ஆழம் வேண்டும். அதற்குக் குறைந்தால் காடியின் வழித்தடம் விரிசலாகப் பெயின்டில் தெரியும்.

பாக்ஸில் தட்டினால் திறக்கும் வட்டத்துளைகள் இருக்கும். பைப் வரும் துளையை மட்டும் திறங்கள். உலோக பாக்ஸ் என்றால் அந்தத் துளையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் அல்லது பைப் முனைக்கூடு போடுங்கள், வெறும் தகடு வயரின் உறையை அறுத்துவிடும்.

9. பாக்ஸைப் பதித்தல்

கலவை குழைப்பதற்கு முன் பாக்ஸைக் குழியில் வெறுமனே வைத்து, மேலே பிளேட்டையும் பிடித்துப் பாருங்கள். எங்காவது முட்டினால் இப்போதே செதுக்குங்கள்.

தூளைத் துடைப்பத்தால் அகற்றிவிட்டு, குழியைத் தண்ணீரால் நனையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு பாக்ஸ் ஒரு மாதத்தில் ஆடும். பாக்ஸின் வாயில் காகிதத்தைத் திணித்து, திருகுத்துளைகளை டேப்பால் மூடுங்கள். ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல், கெட்டியான பதம். பின்புறம் அப்பி, பாக்ஸை அழுத்தி, நீட்டி வைத்த மையக்கோடுகளோடு ஒத்துப் பாருங்கள். மேல்விளிம்பில் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை ரசமட்டம் வையுங்கள். முன்விளிம்பு முடிந்த பூச்சோடு சமமாகவோ 2 மி.மீ. உள்ளேயோ இருக்கலாம். வெளியே மட்டும் நீட்டக் கூடாது. நீட்டினால் பிளேட் என்றைக்கும் சுவரோடு ஒட்டாது. உள்ளே போய்விட்டதற்காவது நீளத் திருகும் நீட்டிப்புச் சட்டமும் உண்டு.

அரைமணி கழித்து மீண்டும் மட்டம் பாருங்கள். கலவை கனத்தால் பாக்ஸ் மெல்ல இறங்கியிருக்கும். இந்த ஒரு மறுபார்வையைத்தான் அவசரத்தில் எல்லோரும் விடுகிறோம்.

10. மூடுதல், காத்திருத்தல், சோதனை

காடியை மூடுவதற்கு முன் புகைப்படம் எடுங்கள், டேப் அளவு படத்தில் தெரியும்படி. வயரிங் வரைபடத்தோடு சேர்த்து அந்தப் படங்களையும் வைத்திருங்கள். அகலமான காடிகளின் மேல் கலவைக்குள் கோழிவலையோ ஃபைபர் வலையோ பதித்தால் விரிசல் குறையும்.

பதித்த பாக்ஸை 24 மணி நேரம் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாளாவது கலவையின் மேல் தண்ணீர் தெளியுங்கள். பூச்சின் ஈரநிறம் முழுதும் வெளுத்த பிறகே பட்டியும் பெயின்டும். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் உரிந்தால் அது பெயின்ட் கம்பெனியின் குற்றமல்ல.

வயர் இழுத்த பிறகு எலக்ட்ரீஷியனிடம் இரண்டு சோதனைகளை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, எர்த் தொடர்ச்சி. உலோக பாக்ஸ் ஒவ்வொன்றும் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டு, வயர் உறையின் மின்தடை. வீட்டு வயரிங்கில் 500 வோல்ட் சோதனையில் குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். புதிய வயரில் இதைவிடப் பல மடங்கு அதிகமாகவே காட்டும். எல்லையை ஒட்டி நின்றால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது அல்லது பைப்பில் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.